ஐந்தாவது பார்சல்

அத்தியாயம் 3

“கள்ளன் ரெண்டு சாமான்தான் கொண்டு போயிருக்கிறான்,” என்றாள் கஜந்தி. “ஒண்டு எங்கடை பாஸ்போட்டுகள். மற்றது சிவநேசக்காவின்ரை சரக்குத்தூள்.”

பற்றிக்கின் பேனா பாதி எழுத்தில் நின்றது. துப்பறியும் சர்மிளாவுக்கு உதவியாளாக அவன் பதினொரு வருடம் வண்டி ஓட்டியிருக்கிறான். நகை தேடியிருக்கிறான், நாய் தேடியிருக்கிறான், ஒருமுறை மணவறைக்கு வராமல் ஒளித்துக்கொண்ட மாப்பிள்ளையைக்கூடத் தேடிப் பிடித்திருக்கிறான். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி வைக்கிற தூளைத் தேடிப் போவது இதுதான் முதல் தடவை.

“அப்ப கள்ளன்ரை வீட்டிலை ஆரோ பிள்ளை பெத்திருக்கினம்,” என்றான். “ஆசுப்பத்திரியளிலை விசாரிப்பமோ அக்கா?”

“பற்றிக், நீர் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இரும்,” என்றாள் சர்மிளா. அவள் அதைத் திட்டுவது போலச் சொல்லவில்லை. காலநிலை அறிக்கை வாசிப்பது போலச் சொன்னாள். ஒரு நாளைக்கு நாலைந்து தரம் சொல்வதுதானே.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மொன்றியலின் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் பேரின்பநாதன் கஜந்தி தம்பதியின் வீடு. வெளியே மைனஸ் பதினாலு. உள்ளே, விறாந்தை முழுக்கப் பயணச் சாமான். இரண்டு பெரிய பெட்டிகள், ஒரு நீளமான ஸ்கீ பை, நடைபாதையை அடைத்துக்கொண்டு ஸ்கீ பூட்ஸ். செவ்வாய்க்கிழமை பின்னேரம் விமானம். புதன்கிழமை கஜந்தி இத்தாலியில், வால்பியாங்கா என்ற பனிமலை ஊரில் நிற்க வேண்டும். பாஸ்போட் இல்லையென்றால் இந்த விறாந்தையில்தான் நிற்பாள்.

“இஞ்ச பாருங்கோ சர்மிளாக்கா,” என்று கஜந்தி இடுப்பில் கை வைத்தாள். நாற்பத்தொன்பது வயது, புவாண்ட்-கிளேர் பண்டகசாலையில் பொதி ஏற்றி இறக்கி உரமேறிய தோள். “இருவத்தாறு வருஷமா என்ரை லீவெல்லாம் மற்றவையின்ரை கலியாணத்துக்கும் சாமத்தியச் சடங்குக்கும்தான் போனது. மூண்டு வருஷத்துக்கு முன்னம் என்னோடை வேலை செய்யிற பிரெஞ்சுக்காரி ஒருத்தி ஒருநாள் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முதல் நாள் பத்தொன்பது தரம் விழுந்தன். இருவதாம் தரம் விழேல்லை. அண்டைக்கு முடிவெடுத்தன், ஒருநாள் அல்ப்ஸிலை இறங்கிறதெண்டு. ஊரெல்லாம் சிரிச்சுது. வழுக்கி விழுறதுக்கு என்னத்துக்கு இத்தாலி, வீட்டு வாசல் காணாதோ எண்டு கேட்டவை. அவையளுக்கு முன்னாலை நான் இந்தப் பயணத்தை விட்டுப்போட்டு நிக்கமாட்டன். சொல்லிப்போட்டன்!”

“இத்தாலி ஏன்?” என்றாள் சர்மிளா.

கஜந்தியின் முகம் இளகியது. “இவருக்கு அறுவது வயசு வருது. இவர் ஒளிச்சு நடந்து வந்த மலை அதுதானே. அதே இடத்துக்கு ரிக்கற் எடுத்து, ராசா மாதிரிக் கூட்டிக்கொண்டு போவம் எண்டு நினைச்சன்.”

‘இவர்’ குசினிக்குள்ளிருந்து தேத்தண்ணித் தட்டோடு வந்தார். பேரின்பநாதன். மொன்றியல் தமிழர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு கணம் யோசிப்பார்கள். ‘அல்ப்ஸ் அண்ணை’ என்றால் உடனே தெரியும். ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தெட்டில், இத்தாலியிலிருந்து சுவிஸுக்கு, இடுப்பளவு பனியில் இரண்டு இரவும் ஒரு பகலும் நடந்த மனிதர். பிறந்தநாள் விழாக்களில் கேக் வெட்டியதும் கேட்பார்கள், கலியாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது கேட்பார்கள். அவரும் சலிக்காமல் சொல்லுவார். பற்றிக்கே இரண்டு தரம் கேட்டிருக்கிறான். இரண்டாம் தரம் ஓநாய் ஒன்றும் வந்தது.

“கள்ளன் எப்பிடி வந்தான் எண்டுதான் விளங்கேல்லைத் தங்கச்சி,” என்றார் சர்மிளாவிடம். தேத்தண்ணிக் கப்பை நீட்டினார். “பொலிசுக்கு அறிவிச்சாலும் பிரச்சினை. தொலைஞ்ச பாஸ்போட் எண்டு பதிஞ்சா, பேந்து கிடைச்சாலும் செல்லாது.”

“அது சரிதான் அண்ணை,” என்றாள் சர்மிளா.

கணக்குப்படி பாஸ்போட்டுகளைக் கடைசியாகக் கண்டது புதன்கிழமை இரவு. அலுமாரி மேல்தட்டில், பழைய பிஸ்கற் தகரத்துக்குள். பக்கத்திலேயே கஜந்தியின் தாலிக்கொடியும் காப்புகளும். சனிக்கிழமை காலை தகரத்தைத் திறந்தால் பாஸ்போட் இரண்டும் இல்லை, தங்கம் அப்படியே இருக்கிறது.

“சரக்குத்தூள் போனது எப்ப தெரியும்?”

“அதுவும் நேற்றுத்தான். பெட்டியை எல்லாம் கொட்டித் தேடேக்கை.” கஜந்தி குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த தாளைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். “பாருங்கோ. இத்தாலிக்குப் போறன் எண்டு வாய் திறந்தது பிழையாப் போச்சு. இஞ்ச எல்லாருக்கும் சுவிஸிலை ஆராவது இருக்கினம். அது பக்கத்து ஒழுங்கைதானே, எங்கடை ஆக்கள் றெயினிலை வந்து வாங்குவினம் எண்டு ஆளாளுக்குப் பார்சல். மிளகாய்த்தூள் ஒண்டு, வடகம் ஒண்டு, மோர்மிளகாய் ஒண்டு, ஒரு குழந்தைப் பிள்ளைக்குப் பட்டுப் பாவாடை. ஐஞ்சாவது சிவநேசக்காவின்ரை சரக்குத்தூள். சூரிச்சிலை அவவின்ரை மகளுக்கு இந்தமாசக் கடைசியிலை பிள்ளை. இவ்வளவுத்துக்கும் இடம் இருக்கு, என்ரை பூட்ஸுக்குத்தான் இடமில்லை!”

ஏன் எடுத்தாய் என்று பற்றிக் கேட்கவில்லை. பயணம் போகிறவரிடம் பார்சல் கொடுக்காத யாழ்ப்பாணத்தாரையும், கொடுத்ததை மறுத்த யாழ்ப்பாணத்தாரையும் அவன் இன்னும் சந்திக்கவில்லை. அவனுடைய திருகோணமலை ஆட்களும் குறைந்தவர்கள் இல்லை. போன வருடம் அவன் பாரிசுக்குக் கருவாடு காவிக்கொண்டு போனவன்.

சர்மிளா எழுந்து வீட்டைச் சுற்றினாள். பற்றிக் பின்னால் போனான். வாசல் கொளுவியில் தொங்கிய கஜந்தியின் சிவப்புக் கோட்டைக் கடக்கும்போது அவன் கழுத்துச்சால்வை எதிலோ மாட்டி இழுபட்டது. கோட்டின் ஸிப்பில் ஒரு சின்னக் கம்பி வளையம், அதில் மடித்து ஒட்டிய ஒரு கடதாசி.

“இது என்ன தங்கச்சி, தூண்டிலோ?”

“அது மலைக்கு ஏறுற ரிக்கற் அண்ணை. ஸிப்பிலை கம்பியைக் கொளுவி, அதிலை ஒட்டிவிடுவினம். போன ஞாயிறு போனது.”

கீழ்த்தளத்தில், வீட்டுச் சாமியறைக்கு எதிர்ச்சுவரில் அந்தப் புகழ்பெற்ற கண்ணாடிப் பெட்டி இருந்தது. உள்ளே வெளிறிய நீலக் கோட் ஒன்று, கையை விரித்துக்கொண்டு. அடியில் வெள்ளித்தகட்டில் எழுத்து: ‘1988, அல்ப்ஸ்.’ மனிதர் அந்தக் கோட்டோடுதான் நடந்தாராம். பேரின்பநாதன் தானும் இறங்கி வந்து, வழமை போலத் தொண்டையைச் செருமினார்.

“முதல் இரவு பனி இடுப்பு மட்டும் தம்பி...”

“ஓநாய் எத்தினையாம் இரவு அண்ணை?” என்றான் பற்றிக்.

“ரெண்டாம் இரவு.”

சர்மிளா பெட்டிக்கு மூக்கை முட்டுவது போல நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “ஸிப்பிலை என்ன அண்ணை அது, கம்பி மாதிரி?”

பேரின்பநாதன் அவசரமாகச் சிரித்தார். “அந்த நாளையிலை ஸிப் எல்லாம் அப்பிடித்தான்.”

சர்மிளா தலையாட்டினாள். கண்ணாடிப் பெட்டியின் நாலு திருகாணிகளையும் ஒருதரம் விரலால் தடவினாள். பிறகு தன் கோட்டை மாட்டிக்கொண்டு, “வாரும் பற்றிக், சரக்குத்தூள் தேடப் போவம்,” என்றாள்.

வண்டியில் ஏறியதும் பற்றிக் பொறுக்கவில்லை. “பாஸ்போட்டைத் தேடாமல் தூளைத் தேடுறமோ? செவ்வாய்க்கிழமை விமானத்திலை ஏறேக்கை அந்தப் பிள்ளை சரக்குத்தூளைக் காட்டினா விடுவாங்களோ?”

“தங்கத்தை விட்டுப்போட்டுப் பாஸ்போட்டை எடுத்தவனுக்குப் பயணத்தை நிப்பாட்டுறதுதான் நோக்கம். அது விளங்குது. அப்பிடியெண்டா அவன் ஏன் ஐஞ்சு பார்சலிலை ஒண்டை மட்டும் எடுத்தவன்? வடகத்தை விட்டவன், மிளகாய்த்தூளை விட்டவன். பிள்ளைப் பெறுவுக்குப் போற பார்சலை மட்டும் தூக்கியிருக்கிறான். அந்த ஒண்டுக்குத்தான் நாள் தவறக்கூடாது. வண்டியை இல்-பிசாருக்கு, சிவநேசக்கா வீட்டுக்கு விடும்.”

பாலத்தைக் கடந்து போனார்கள். சிவநேசம் வீட்டுக் கதவைத் திறந்தபோதே மல்லி வறுத்த வாசம் முகத்தில் அடித்தது. அறுபத்தாறு வயதுப் பெண், ஏப்ரன் கட்டியிருந்தார். அவருக்குப் பின்னால், சாப்பாட்டு மேசையில், கஜந்தியின் பண்டகசாலைச் சிவப்பு நாடா சுற்றிய பொதி ஒன்று சாவகாசமாக இருந்தது. மேலே ஒட்டிய துண்டில் ‘5’ என்று தடித்த எழுத்தில்.

“அன்ரி,” என்றான் பற்றிக், கையைத் தூக்கி. “களவெடுத்த சாமானோடை கையும் களவுமா நிக்கிறியள்.”

“என்ன விசர்க்கதை தம்பி! என்ரை சாமான் என்ரை வீட்டிலை கிடக்கு. உள்ளுக்கு வாங்கோ, கதவாலை குளிர் வருது.”

“ஆர் கொண்டந்து தந்தது அக்கா?” என்றாள் சர்மிளா.

“பேரின்பம்தான். பாவம், நல்ல மனுசன். ‘அக்கா, எங்கடை பயணம் சரிவராது போலக் கிடக்கு. மகளுக்கு நாள் கிட்டுதெல்லே, காத்திராமல் வேறை ஆரிட்டையும் குடுத்துவிடுங்கோ’ எண்டு தானே காரிலை கொண்டந்து தந்தவர். கஜந்தியிட்டைச் சொல்லவேண்டாம், மனம் நோவாள் எண்டும் சொன்னவர். நானும் இன்னும் ஆளைத் தேடுறன், ஒருத்தரும் சுவிஸுக்குப் போறாக்கள் இல்லை.”

“எண்டைக்குக் கொண்டந்தவர்?”

“வியாழக்கிழமை பின்னேரம். கோயில் பூசைக்கு வெளிக்கிட்டு நிக்கேக்கை வந்தவர்.”

பற்றிக் விரல் மடித்தான். வியாழன். வெள்ளி. சனி. சனிக்கிழமை காலைதான் பாஸ்போட் இல்லையென்று அந்த வீட்டுக்கே தெரியும். பயணம் சரிவராது என்று வியாழக்கிழமையே ஒருவருக்குத் தெரிந்திருந்தால், அந்த ஒருவர் சாத்திரியாரா? அல்லது...

“அட கடவுளே!” என்றான் வண்டிக்குள் ஏறியதும். “அல்ப்ஸ் அண்ணையோ!”

“பாவம் மனுசன், களவெடுக்கவும் தெரியேல்லை. பச்சை உடம்புக்காரிக்குச் சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவேணுமே எண்டு மனம் கேக்கேல்லை. அதாலை பிடிபட்டுப் போனார்.”

“ஆனா ஏன் அக்கா? தானே கதை கதையாச் சொன்ன மலை. சும்மா கூட்டிக்கொண்டு போறாள். எனக்கெண்டா இப்பவே ஏறிப்போடுவன்.”

சர்மிளா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு உறைந்து கிடந்தது. “உமக்குக் கழுத்துச்சால்வை மாட்டுப்பட்டதே ஞாபகம் இருக்கோ?”

“ஓம்.”

“அதை யோசிச்சுக்கொண்டு ஓட்டும்.”

பற்றிக் யோசித்துக்கொண்டு ஓட்டினான். பாலத்தின் நடுவில் விடை வந்துவிட்டது. வந்த வேகத்தில் கிட்டத்தட்ட முன்னால் போன பஸ்ஸில் இடித்திருப்பான்.

மீண்டும் அந்த வீடு. சர்மிளா வாசலில் தொங்கிய சிவப்புக் கோட்டைக் கழற்றிக் கஜந்தியின் கையில் கொடுத்தாள். “இதோடை கீழை வா தங்கச்சி. ஒரு திருகாணி கழட்டுற சாமானும் எடு.” பேரின்பநாதன் செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர், ‘திருகாணி’ என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்தார். எழுந்தவர் மறுபடி இருக்கவில்லை, மெல்லப் படியிறங்கிப் பின்னால் வந்தார்.

“பெட்டியைத் திறக்கக்கூடாது,” என்றார். “கோட் பழுதாப் போகும்.”

“நான் கையாலை தொட்டுத் துடைக்கிற பெட்டி. எனக்குத் தெரியும்,” என்றாள் கஜந்தி.

நாலு திருகாணியும் லேசாகக் கழன்றன. ஒரு கிழமைக்குள் யாரோ கழற்றிப் பூட்டியிருந்தால்தான் முப்பது வருடத் திருகாணி அப்படிக் கழலும். கஜந்தி நீலக் கோட்டின் இடப்பக்கப் பைக்குள் கை விட்டாள். கை வெளியே வந்தபோது இரண்டு பாஸ்போட்டுகளும் இருந்தன.

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். பற்றிக்கின் வாயில் மூன்று பகிடிகள் வந்து நின்றன. அவன் வாழ்க்கையில் முதல்தடவையாக மூன்றையும் விழுங்கினான்.

“ரெண்டு கோட்டையும் பக்கத்திலை வைச்சுப் பார்,” என்றாள் சர்மிளா மெதுவாக. “ஸிப்பை.”

சிவப்புக் கோட்டில் கம்பி வளையம், அதில் போன ஞாயிற்றுக்கிழமை ரிக்கற். நீலக் கோட்டில் துருவேறிய கம்பி வளையம், அதில் பிய்ந்துபோன வெள்ளைக் கடதாசியின் ஒரு முனை. மூன்று வருடத்துக்கு முன் கஜந்திக்கு அது வெறும் கம்பி. இருபத்தாறு வருடம் வாராவாரம் தூசி தட்டியிருக்கிறாள், கண்ணில் பட்டதில்லை. இப்போது அவள் மலையேறுகிறவள்.

“ரிக்கற்,” என்றாள். “நீங்கள் ரிக்கற்றிலை ஏறி வந்தனீங்கள்.”

பேரின்பநாதன் கடைசிப் படியில் இருந்துவிட்டார்.

“காசு வாங்கி எல்லை கடத்துற ஏஜென்சிக்காரன் எங்கள் ஆறு பேருக்கும் ஸ்கீக்காரர் மாதிரி உடுப்புப் போட்டுவிட்டவன்,” என்றார் தரையைப் பார்த்து. “கேபிள் காரிலை ஏத்தினவன். மேலை போய் மற்றப்பக்கத்தாலை இன்னொரு கேபிள் காரிலை இறங்கினா சுவிஸ். எல்லாமாப் பன்னிரண்டு நிமிசம். சூடு போட்டிருந்தவங்கள், எனக்கு வேர்த்தது. பக்கத்திலை இருந்த வெள்ளைக்காரி சொக்கலேட் தந்தவள்.”

“ஓநாய்?” என்றான் பற்றிக். அடக்க முடியவில்லை.

“ஓநாய் பேந்து வந்தது தம்பி.”

“ஏன் பொய் சொன்னனீங்கள்?” கஜந்தியின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“சுவிஸ் அகதி முகாமிலை எங்கடை சிவானந்தத்தின்ரை கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில் எனக்கு. அதே மாசம் அவன் உண்மையா நடந்து வந்தவன். மூண்டு கால்விரல் போச்சு. அவனோடை வெளிக்கிட்ட ஒருத்தன் வந்து சேரவேயில்லை. அவன் என்னைப் பாத்து, ‘மச்சான், நீயும் நடந்தோ வந்தனீ’ எண்டு கேட்டான். சொக்கலேட் சாப்பிட்டுக்கொண்டு வந்தனான் எண்டு சொல்ல நாக்கு எழும்பேல்லை கஜந்தி. ஓம் எண்டன். அந்த ஒரு ஓம்தான். பேந்து அதுக்கு மேலை அடுக்கடுக்காக் கட்டவேண்டி வந்துது.” அவர் கண்ணைத் துடைத்தார். “அங்கை போனா நீர் மலையைப் பாப்பீர். கேபிள் கார் கம்பியைப் பாப்பீர். உமக்கு இப்ப இதெல்லாம் தெரியுமே. படத்தோடை வந்து எல்லாருக்கும் காட்டுவீர். என்ரை முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?”

பற்றிக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. கஜந்திக்கும் இருந்திருக்கும். ஆனால் அவள் அதோடு நிற்கிறவள் இல்லை.

“நீங்கள் வெக்கப்பட்டது சரி,” என்றாள். “சிவானந்தம் அண்ணைக்கு முன்னாலை எனக்கும் வாய் வந்திராது. நீங்கள் புளுகினது ஊருக்கு. அதை ஊரோடை பாத்துக்கொள்ளுங்கோ. என்ரை பாஸ்போட்டிலை ஏன் கை வைச்சனீங்கள்? பத்தொன்பது தரம் விழுந்தது நான். சிரிச்சவைக்குப் பதில் சொல்லிக்கொண்டு இந்தப் பயணத்தைக் கட்டினது நான். உங்கடை ஒரு பொய் விழாமல் இருக்கிறதுக்கு நான் வீட்டிலை இருக்கவேணுமோ? இருக்கமாட்டன்!”

“கஜந்தி...”

“செவ்வாய்க்கிழமை நான் போறன். பன்னிரண்டு நிமிசத்திலை நீங்கள் தாண்டின மலையாலை நான் என்ரை காலாலை இறங்குவன். வாறதெண்டா வாங்கோ, வராட்டி இருங்கோ. ஆனா பார்சல் போகவேணும். அந்தப் பிள்ளைக்குச் சரக்கு கொண்டுபோறன் எண்டு வாக்குக் குடுத்தது. போய் சிவநேசக்காவிட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாங்கோ. ஏன் திருப்பிக் குடுத்தனீங்கள் எண்டும் உள்ளதைச் சொல்லிப்போட்டு வாங்கோ.”

பேரின்பநாதன் எழுந்து மேலே போனார். வாசலில் கார்த் திறப்பைத் தேடினார். கொளுவியில் இல்லை. திறப்பு, பின்னால் ஏறிவந்த கஜந்தியின் கைக்குள் இருந்தது.

“நடந்து போங்கோ,” என்றாள்.

“இல்-பிசாருக்கோ! வெளியிலை பனி கொட்டுது!”

“கணுக்கால் மட்டும்தானே. ஓநாயும் இல்லை.” சுவரில் தொங்கிய பெட்டியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த நீலக் கோட்டை அவர் தோளில் போட்டாள். “இதையும் போடுங்கோ. ஒருக்காலாவது இது நடக்கட்டும்.”

அவர் சர்மிளாவைப் பார்த்தார், பற்றிக்கைப் பார்த்தார். இருவரும் சுவர்க் கலண்டரை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் ஸிப்பைக் கழுத்துவரை இழுத்தார், கதவைத் திறந்தார், போனார். யன்னலால் பார்த்தபோது நீலக் கோட் தெருமுனையில் ஒருமுறை வழுக்கி, நிமிர்ந்து, வடக்கே திரும்பியது.

பற்றிக் புறப்படலாமா என்று கேட்டான். சர்மிளா இன்னொரு தேத்தண்ணி கேட்டாள். கஜந்தி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பெட்டியை மறுபடி அடுக்கத் தொடங்கினாள். நிமிசத்துக்கொரு தரம் யன்னலையும் பார்த்தாள், பார்க்காதது போல. ஒருமுறை கார்த் திறப்பைக் கையிலெடுத்து, உற்றுப் பார்த்து, திரும்ப வைத்தாள்.

ஒன்றே முக்கால் மணித்தியாலம் கழித்து ரெலிபோன் அடித்தது. கஜந்தி பாய்ந்து எடுத்து, சத்தம் கூட்டி மேசையில் வைத்தாள்.

“உன்ரை மனுசன் நடந்து வந்து நிக்கிறார்!” என்றது சிவநேசத்தின் குரல். “மீசையெல்லாம் பனி. காலைச் சுடுதண்ணிக்குள்ளை வைச்சுக்கொண்டிருக்கிறார். என்னடி பிள்ளை நடந்தது? அல்ப்ஸ் கதையை முதல்லை இருந்து சொன்னவர். முந்தியெண்டா ஒரு மணித்தியாலம் போகும். இண்டைக்குப் பத்து நிமிசத்திலை முடிஞ்சுது.”

“என்ன சொன்னீங்கள் அக்கா?” கஜந்தியின் விரல்கள் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன.

“என்னத்தைச் சொல்லுறது! என்ரை மனுசன் ஜேர்மனிக்கு வந்தது லொறியிலை, வெங்காய மூட்டைக்குப் பின்னாலை. அவரின்ரை செத்த வீட்டிலைகூடப் பிளேனிலை வந்தவர் எண்டுதான் சொன்னனான்.” சிவநேசம் சிரித்தார். “பார்சலை மடியிலை வைச்சுக்கொண்டிருக்கிறார். சிவானந்தத்தின்ரை நம்பரும் கேக்கிறார், குடுக்கவோ?”

“குடுங்கோ,” என்றாள் கஜந்தி. “கதைச்சு முடியட்டும். பேந்து பற்றிக் அண்ணை வந்து ஏத்துவார்.”

போனை வைத்துவிட்டுக் கண்ணைப் புறங்கையால் அழுத்தித் துடைத்தாள். பிறகு பெட்டியைத் திறந்து, கணவர் வீட்டில் உடுத்தும் மூன்று சறங்களில் ஒன்றை வெளியே எறிந்து, அந்த இடத்தில் ஐந்தாவது பார்சலுக்கு ஒரு மூலை ஒதுக்கினாள். பெட்டிக்குள் வைத்துவிட்ட ஸ்கீ பூட்ஸை அவள் அசைக்கவேயில்லை.